தீவகத்துச் சிசுக்களும் மறுபரிசோதனையும்

2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், வைத்தியசாலையை விட்டு அனுப்புமுன் சிசுக்கள் அனைவருக்கும் தோல்வழிப் பிலிருபின் அளவீடு செய்யவேண்டுமெனப் பரிந்துரைத்ததும், அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 35 வாரமும் அதற்கு மேலும் நிறைந்து பிறந்த சிசுக்களுக்கு ஒளிச்சிகிச்சை தொடங்கும் எல்லையை 2004 ஆம் ஆண்டின் அட்டவணையிலும் சற்று உயர்த்தியதும் நம் வாசகர் அறிந்தவையே. இவற்றை நம் விடுதிகளில் கைக்கொள்ளலாமா என வினவும் அன்பர் பலராதலின், இச்சஞ்சிகை தன் அபிப்பிராயத்தை மறைவின்றிக் கூறக் கடமைப்பட்டுள்ளது. கைக்கொள்ளலாம்; ஆனால் தீவகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு.

எல்லை உயர்ந்ததில் நமக்கு ஆட்சேபமில்லை. வேண்டாத ஒளிச்சிகிச்சை தாயையும் சேயையும் பிரித்துப் பாலூட்டலைக் குலைப்பதை விடுதியில் நிற்பவர் எவரும் அறிவர்.

நம்மைத் தடுத்து நிறுத்துவது, அவ்வழிகாட்டலில் மறுபரிசோதனைக்கு விதிக்கப்பட்ட காலவரையறையே. எல்லைக்கு 2 முதல் 3.4 மில்லிகிராம் வரை கீழே நிற்கும் சிசுவை 4 முதல் 24 மணி நேரத்துள்ளும், 3.5 முதல் 5.4 வரையாயின் ஒன்றிரண்டு நாளிலும் மீண்டும் அளக்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்துத் தாய்க்கு அது ஓர் ஓட்டோப் பயணம். ஊர்காவற்றுறைத் தாய்க்கும், பண்ணைத் தாம்போதி இருப்பதால், பஸ்ஸில் வந்து சேரக்கூடியதே. நெடுந்தீவுத் தாயோ, தையல் ஆறாத உடலுடன், துவாயில் சுற்றிய சிசுவை அணைத்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் அசைந்து குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து நகரத்தை அடையவேண்டியவள். சோளகம் பெருத்துக் கடல் கொந்தளிக்கும் நாளிலோ அப்படகும் அவளுக்கில்லை. நயினாதீவுக் கடல் குறுகியதெனினும், கடைசிப் படகு போனபின் அதுவும் கடலே. பிலிருபின் உச்சமடைவது மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்குமிடையில், அதாவது அவள் வீடு சேர்ந்த பின்னர். ஜீ-6-பீ-டீ குறைபாடுடைய சிசுவாயின், பூச்சி உருண்டை மணக்கும் பெட்டித் துணியே அது திடீரென்று பாய்ந்தேறப் போதும்.

அந்நாட்களில் அச்சிசுவைக் காண்பவர் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரே. விறாந்தை வெளிச்சத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி, மார்பெலும்பின் மேல் பெருவிரலை அழுத்தி எடுத்து, வெளிறிய அவ்விடத்தில் மஞ்சள் ஊறுகிறதா எனக் குனிந்து நோக்கி, முரசையும் பார்க்கிறார். நம் மக்களின் கருந்தோலில் அக்கண்மதிப்பு நம்பத்தக்கதன்று, குறை அவருடையதுமன்று. கைக்குள் அடங்கும் ஒரு பிலிருபினோமீற்றரைத் தீவுதோறும் வையுங்கள் என்று இப்பத்திகளில் நாம் நெடுங்காலமாய் மன்றாடி வந்தும், பிரசவங்கள் சொற்பம், செலவு மிகுதி என்பதன்றி வேறு மறுமொழி கிடைத்ததில்லை. சுற்றுநிருபங்கள் மட்டும் கடலைத் தவறாது கடக்கின்றன. பிரசவம் சொற்பமென்றால் மூளைச்சேதமுற்ற சிசுவின் துன்பமும் சொற்பமாகிவிடுமா? கருவியின் விலையைக் கணக்கிடத் தெரிந்த அதிகாரபீடத்தார், வாழ்நாள் முழுவதும் செவிகேளாது, கைகால் முறுகிக் கிடக்கப்போகும் ஒரு பிள்ளையின் விலையை எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றனர்?

அக்கருவி வரும்வரை, படகேறவேண்டிய சிசு எல்லைக்கு 5.4 மில்லிகிராமுக்குள் நிற்குமாயின், அடுத்தடுத்த இரு அளவீடுகளில் இடைவெளி விரியக் காணும்வரை விடுதியிலேயே வைத்திருக்கவேண்டும் என்பதே நாம் கூறும் நிபந்தனை. கட்டில் தட்டுப்பாடு இதற்கு விலக்காகாது. காலை வெயிலில் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தையும் நம்மவர் விட்டொழிப்பாராக: அவ்வொளியின் அளவை அறிய வழியில்லை, சிசுவின் உடல் சூடேறி நீர் வற்றும், வெயில் காட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் தாய் அடுத்த படகையும் விட்டுவிடுவாள்.