எழுதியதை வாசிக்க ஒருவர்

தமிழ்த் தினப் போட்டிக்காக நான் எழுதிய நாடகப் பிரதியை முதலில் வாப்பாவிடம்தான் கொடுத்தேன். முதற் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மகள்" என்று திருப்பித் தந்தார். எங்கள் தமிழ் ஆசிரியை அப்படிச் சொல்லவில்லை. "இந்த இடத்தில் உம்மம்மா ஏன் அழுகிறார்? எனக்கு விளங்கவில்லை" என்று சிவப்பு மையால் ஓரத்தில் எழுதியிருந்தார். இப்படிப் பதினொரு கேள்விகள். அன்றிரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் என் பிரதியைக் கடைசிவரை வாசித்த முதல் ஆள் அவர்தான்.

ஜப்பானியத் திரைக்கதாசிரியர் ஷினோபு ஹஷிமோட்டோவின் கதையை அறிந்தபோது அந்தச் சிவப்பு மை மீண்டும் நினைவுக்கு வந்தது. இராணுவத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காசநோய் கண்டு சிகிச்சை நிலையத்தில் படுத்திருந்தவர் அவர். அங்கிருந்த இன்னொரு நோயாளி கொடுத்த சினிமாச் சஞ்சிகையில் ஒரு திரைக்கதையை வாசித்தார். இதை நானும் எழுதலாமே என்று தோன்றியது. நாட்டிலேயே சிறந்த திரைக்கதாசிரியர் யார் என்று கேட்டார். மன்சாகு இத்தாமி என்றார்கள். எழுதி, அவருக்கே அனுப்பிவிட்டார்! (நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?)

இத்தாமியும் அப்போது காசநோயால் படுக்கையில் இருந்தவர். பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாசித்தார், குறைகளைச் சுட்டிப் பதில் எழுதினார். 1946இல் அவர் இறக்கும் வரை அந்த வழிகாட்டல் நீடித்தது. பின்னர் ஹஷிமோட்டோ அகுதாகவாவின் சிறுகதையொன்றைத் திரைக்கதையாக்கினார். அது அகிரா குரோசாவாவின் கைக்குப் போய், இருவரும் சேர்ந்து விரித்தெழுத, 1950இல் 'ரஷோமோன்' ஆனது. அடுத்த வருடம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது அதற்குக் கிடைத்தது. இத்தாமி அதைப் பார்க்கவில்லை.

ஆதரவு என்றால் பாராட்டு, பரிசு, மேடை என்றே நாம் நினைக்கிறோம். என் எண்ணம் வேறு. ஒருவர் உட்கார்ந்து முழுவதையும் வாசித்து, விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று சொல்வதுதான் ஆதரவு. "நல்லா இருக்கு" என்ற சொல்லோடு எத்தனையோ கொப்பிகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. பரீட்சைக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். நான் கேட்பது ஒரு அரை மணித்தியாலம் மட்டும். இலக்கியம் படித்திருக்க வேண்டியதுமில்லை. உம்மம்மா ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்கலாம்.

பிரதியை மூன்றாந் தடவையாகத் திருத்தி எழுதி வாப்பாவின் மேசையில் வைத்திருக்கிறேன். இம்முறை பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கிறது.