ஃப்ரீ... ஆனா யாருக்கு?

ஷிப்பிங் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போற ஐடியா இருக்கா? 'எஃப்.ஐ.ஓ.எஸ்.டி.'ன்னா என்னன்னு கேட்டா முழிக்காதீங்க பாஸ்!

விரிச்சா, 'ஃப்ரீ இன், அவுட், ஸ்டோவ்டு அண்ட் ட்ரிம்டு'. 'ஃப்ரீ'ன்னதும் சரக்கு அனுப்புறவருக்கு ஜாலின்னு நினைச்சா, நீங்க காலி. இந்த இலவசம் கப்பல் ஓனருக்கு! வீடு மாத்துறப்போ டெம்போக்காரர், "வண்டி வாடகைதான் சார் நம்மளது. ஏத்துக்கூலி, இறக்குக்கூலியை நீங்க பார்த்துக்கங்க"ன்னு சொல்வாரே, அதேதான்.

'இன்'னா ஏத்துறது. 'அவுட்'னா இறக்குறது. 'ஸ்டோவ்டு'ன்னா மூட்டை, பெட்டிகளை அசையாம அடுக்குறது. 'ட்ரிம்டு'ன்னா கொட்டின கோதுமை, நிலக்கரி மாதிரி சரக்கைப் பரத்தி மட்டம் பண்றது. இந்த நாலு செலவும் கப்பலை வாடகைக்கு எடுத்தவர் தலையில. 'லைனர் டெர்ம்ஸ்'னா அப்படியே உல்டா. ஏத்துற, இறக்குற கூலியும் கப்பல் கட்டணத்துக்குள்ளயே அடக்கம்.

சரி, குவிச்சுக் கொட்டிட்டுக் கிளம்பினா என்னவாம்? நெல் அம்பாரத்தோட அடியில லேசா ஆட்டிப் பாருங்க. பொலபொலன்னு சரியும். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது தானியமும் அங்கே ஓடும். கப்பல் நிமிரும்போது அவ்வளவும் திரும்பி வராது. அடுத்த அலையில சாய்வு இன்னும் கூடும். சிவில் மக்கள் படிக்கிற 'ஆங்கிள் ஆஃப் ரிப்போஸ்' சமாச்சாரம்தான் இது. ஒட்டாத சரக்குல அது 30 டிகிரிக்குள்ள இருந்தா, தானியம் மாதிரியே ஓடும்னு கணக்கு வெச்சு ஏத்தணும். 2011 ஜனவரி 1-லேர்ந்து உலகம் முழுக்க இது கட்டாய விதி.

இந்த விளையாட்டு எவ்வளவு சீரியஸ்னு 'பாமிர்' சொல்லும். ஜெர்மனியோட பாய்மரப் பயிற்சிக் கப்பல். 1957 ஆகஸ்ட்ல பியூனஸ் அயர்ஸ்ல இருந்து பார்லி ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. பெரும்பகுதியை மூட்டை கட்டாம அப்படியே கொட்டியிருந்தாங்க. துறைமுகத்துல ஸ்டிரைக். அதனால அனுபவமில்லாத கப்பல் ஆட்களே அதைப் பரத்த வேண்டியதாப் போச்சு. செப்டம்பர் 21-ல அட்லான்டிக்ல 'கேரி' புயல். பார்லி சரிஞ்சு, கப்பல் மூழ்கிடுச்சு. இருந்த 86 பேர்ல பிழைச்சது 6 பேர் மட்டும். போனவங்கள்ல பாதிக்கு மேல பயிற்சி மாணவர்கள். நம்மளைவிடச் சின்னப் பசங்க.

அதனால இன்டர்வியூவுல, 'யார் காசு கொடுக்கிறாங்க'ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. கூலியை யார் கொடுத்தாலும், கப்பல் பத்திரமாக் கிளம்புதான்னு பார்க்கிற பொறுப்பு கேப்டனுக்கு உண்டு. மட்டம் சரியில்லைன்னா, "கிளம்ப முடியாது"ன்னு அவர் சொல்லியே ஆகணும். கடைசியில நிக்கிற அந்த 'டி'க்குப் பின்னாடி இருக்கிறது கூலிக் கணக்கு மட்டும் இல்லை, உயிர்க் கணக்கு!