பனிக்கட்டிக்குள் ஒரு காந்தி

'குளோன் ஹை' என்று ஒரு கார்ட்டூன் தொடர். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 2002 நவம்பரில் கனடாவில் ஆரம்பித்து, 2003 ஜனவரியில் அமெரிக்க எம்டிவிக்கு வந்து, 13 எபிசோடோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. கதை இதுதான்: சரித்திரத்தில் பேர் வாங்கியவர்களை எல்லாம் ரகசியமாகக் குளோன் செய்து, ஒரே ஹைஸ்கூலில் படிக்க விடுகிறார்கள். லிங்கன், ஜோன் ஆஃப் ஆர்க், கிளியோபாட்ரா, கென்னடி எல்லாரும் டீன் ஏஜ் பசங்க. கூடவே நம்ம காந்தி.

இந்தக் காந்தி ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டான். பார்ட்டி, கூத்து, அசட்டு ஜோக்கு. லிங்கனுக்கு உயிர்த்தோழன். வகுப்பிலிருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரோடு சேர்ந்து போலீஸ் படம் வேறு எடுப்பான். தொடரின் ரசிகர்கள் இன்றைக்கும் அவன் பேச்சை எடுத்தால் உருகிவிடுவார்கள். உருகி முடித்ததும் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "இந்தியர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது, அதான் ஷோ போச்சு."

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரெண்டு பக்கத்து மேலயும்.

முதலில் நம்ம பக்கம். 2003 ஜனவரியில் டெல்லியில் காந்தியின் கொள்ளுப்பேரன் உட்பட சுமார் 150 பேர் கூடி, இந்தக் கார்ட்டூனை எதிர்த்து உண்ணாவிரதம் என்று அறிவித்தார்கள். எம்டிவி அவசரமாக மன்னிப்பு கேட்டது, 'இது அமெரிக்க ரசிகர்களுக்காக எடுத்தது' என்று சமாளித்தது. தொடர் இந்தியாவில் ஒளிபரப்பாகவே இல்லை. கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் ஒரு எபிசோடாவது முழுசாகப் பார்த்திருப்பார்கள்? உண்ணாவிரதம் என்பது எதிராளியை மிரட்டும் ஆயுதம் இல்லை, நம்மேல் அன்பு உள்ளவர்களைத் திருத்தத்தான் அது என்று சொன்னவரே காந்திதான். அவர் பேரில் ஒரு டிவி கம்பெனியை மிரட்டப் பட்டினி!

பார்த்திருந்தால் ஒன்று புரிந்திருக்கும். அந்தப் பையன் ஏன் அப்படி ஆடுகிறான் என்பதற்குத் தொடரே காரணம் சொல்கிறது. 'நீ மகாத்மாவின் குளோன்' என்ற பாரம் தாங்காமல் உடைந்து போனவன் அவன். இன்னொரு எபிசோடில் அவனுக்குக் கவனக்குறைபாடு என்று தெரிந்ததும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் வியாதி மாதிரி பள்ளிக்கூடமே அவனை ஒதுக்கி வைக்கிறது. கிண்டல் யார் மேல்? காந்தி மேலயா, ஒதுக்கி வைத்தவர்கள் மேலயா?

நாலாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் எனக்குக் காந்தி வேஷம். தலையில் மாட்டிய பிளாஸ்டிக் மொட்டை அரித்தது, அழுதேன். "காந்தி அழக்கூடாதுடா" என்றார் டீச்சர். அதனாலோ என்னவோ, இந்தப் பையனைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. ஊரில் பாருங்கள், எத்தனை நேரு, எத்தனை போஸ். கணக்கில் ஃபெயில் ஆனால் "பேரைப் பாரு, மார்க்கைப் பாரு" என்றுதானே திட்டு விழுகிறது.

அசல் காந்தியே இதற்கெல்லாம் அசரக்கூடியவர் இல்லை. சின்ன வயசில் திருட்டுத்தனமாக மாமிசம் தின்றது, புகை பிடிக்கக் காசு திருடியது, அண்ணன் காப்பிலிருந்து தங்கம் எடுத்தது எல்லாவற்றையும் 'சத்திய சோதனை'யில் தானே எழுதி வைத்திருக்கிறார். லண்டனில் மூணு பவுன் கட்டி டான்ஸ் கிளாஸ் சேர்ந்து, தாளம் பிடிபடாமல் விட்டதும் அதில் இருக்கிறது. மேல்தொப்பி போட்ட அந்த மோகன்தாஸை யாரும் தடை செய்யவில்லை. படித்தால்தானே தெரியும் :)

இப்போது ரசிகர்கள் பக்கம். 'இந்தியர்களால்தான் போச்சு' என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் ரேட்டிங்கும் படு மோசம், எம்டிவி எட்டு எபிசோடோடு நிறுத்திக்கொண்டது. நல்லா ஓடுகிற குதிரையை எந்த முதலாளியும் மன்னிப்புக் கேட்டு அவ்வளவு லேசில் விடமாட்டான். அப்புறம், உருகுகிற ரசிகர்கள் ஞாபகம் வைத்திருப்பது கூத்தை மட்டும்தான். அந்தக் கூத்துக்குப் பின்னால் இருக்கும் பயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. அப்படியானால் டெல்லியில் உட்கார்ந்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு பேரும் பார்த்தது ஒரு பொம்மையைத்தான்.

2023 மே மாதம் மேக்ஸில் தொடர் திரும்ப வந்தது. பழைய முடிவில் எல்லாக் குளோன்களும் பனிக்கட்டியில் உறைந்து போயிருந்தார்கள் அல்லவா, இருபது வருஷம் கழித்து அவர்களை உருக்கி எழுப்புகிறார்கள். புதுசாக கன்ஃபூசியஸ், ஃப்ரீடா காலோ, ஹேரியட் டப்மன் எல்லாரும் வகுப்புக்கு வருகிறார்கள். காந்தி மட்டும் பனிக்கட்டிக்குள்ளேயே விடப்பட்டான். மரியாதை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது பயமாகத்தான் பட்டது. கன்ஃபூசியஸைக் கேலி செய்யலாம், டப்மனைக் கேலி செய்யலாம், காந்தி என்றால் மட்டும் ஃப்ரீசர் கதவைச் சாத்திவிட வேண்டும். இந்தியர்களைக் கிண்டலே தாங்காத குழந்தைகளாக நினைப்பதைவிட இதில் வேறென்ன மரியாதை இருக்கிறது? ரெண்டு சீசன் ஓடி, 2024-ல் அதுவும் நின்று போனது. அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், கண்ணாடியோடு.