இரண்டு டிஸ்க் இருந்தால் போதுமா?

மஹய்யாவயில் எமது வீட்டில், கடைக் கணக்குகளைச் சேமிக்க சென்ற வருடம் ஒரு 'நாஸ்' பெட்டி பொருத்தினேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். "இனிப் பயமில்லை" என்று வாப்பாவிடம் பெருமையடித்தேன். இரண்டே வாரத்தில் மகன் கடன் பாக்கிக் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டான். இரண்டிலும் ஒரே நொடியில் போனது! வாப்பா பேசாமல் தனது கடன் கொப்பியை நீட்டினார்.

ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும். அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில் லங்கா அரச கிளவுடைக் கப்பம் கோரும் வைரஸ் தாக்கியபோது, வலையமைப்பில் இணைந்திருந்த பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை.

வியாபார சகோதரர்களே, டிஸ்க் வாங்கும்போது 'நாஸ்' லேபலை மட்டும் நம்பாதீர்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர் முறையிலானவை என்பது 2020இல்தான் வெளியானது. கூரை ஓடு போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் முறை அது. பழுதான டிஸ்க்கை மாற்றி மீளப் பதியும்போது இழுத்தடிக்கும். சி.எம்.ஆர் தானா என்று கேட்டே காசைக் கொடுங்கள்.

பெரிய பெட்டிக்குக் கொட்டும் பணத்தில் மூன்றாவதாக ஒரு யூ.எஸ்.பி டிஸ்க் வாங்கலாம் என்பதே எனது அபிப்பிராயம். வியாழன் இரவு பிரதியெடுத்து, கழற்றி, கட்டுகஸ்தோட்டையில் தங்கை வீட்டில் வைக்கிறேன். செருகியபடியே விட்டால் அதுவும் வீண்.

வாப்பா இன்னும் கொப்பியை விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.