எத்தனை மணிக்கு, எந்த மைதானத்தில்?

சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஏதாவது ஒரு பள்ளி வாசலில் சாயங்காலம் நாலேகால் மணிக்கு நின்றால் விளம்பரத் தொழிலின் முதல் பாடம் இலவசமாகக் கிடைக்கும். மணி அடித்த இரண்டாவது நிமிஷம் பெட்டிக்கடை முன்னால் கூட்டம். பிள்ளைகளின் கண்ணுக்கு நேராகச் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். எட்டிப் பறிக்கும் உயரம், பையில் கிடக்கும் சில்லறை, மதியச் சாப்பாடு எப்போதோ கரைந்துபோன வயிறு. அந்தப் பொட்டலத்துக்கு யாரும் மேடை போட்டு, பொன்னாடை போர்த்தித் தொடக்க விழா நடத்தவில்லை.

இளைஞர்களுக்கான உடற்பயிற்சி, நல்லுணவுத் திட்டம் ஒன்றை ஊருக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்ற கேள்வி வந்தபோது, தாம்பரம் வட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து அமைத்த குழு இந்த நாலேகால் மணியிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கியது. விளம்பரத்துக்கென்று வரும் ஒவ்வொரு ரூபாயும் பள்ளி வாசலிலும் மைதானத்து ஓரத்திலும் செலவாக வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. நாற்சந்தியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்கூட வைக்கப்படாது.

பேனர் விஷயத்தில் இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் காரணம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த கல்யாண பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயது மென்பொறியாளர் பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். உடல்நலம் காக்க வாருங்கள் என்று எழுதி அதே மாதிரிச் சட்டம் அடித்து நிறுத்துவதை இந்தக் குழு நினைத்துப் பார்க்கவும் தயாராக இல்லை.

திட்டம் யாருக்கு என்பதிலும் குழப்பம் கூடாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் பிளஸ் ஒன் மாணவனுக்கு மிஞ்சுவது டியூஷனுக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கும் நடுவே ஒரு பஜ்ஜி, ஒரு டீ. ஐந்து முதல் பதினேழு வயது வரை தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நம் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் கடன் வாங்கிக்கொள்கின்றன. பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இன்றைய பிளஸ் ஒன் மாணவன் நுழையப்போவது அந்த வரிசையில்.

குழுவுக்குள் சூடான விவாதம் நடந்தது ஸ்பான்ஸர் விஷயத்தில்தான். ஓட்டம் நடத்தினால் டீ-ஷர்ட், தண்ணீர், மெடல் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். குளிர்பானக் கம்பெனியோ பிஸ்கட் கம்பெனியோ கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களின் விற்பனையை மட்டுமல்லாமல் விளம்பரத்தையும் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் தடுக்கிறது. பிள்ளையின் முதுகில் அந்த லோகோவை அச்சடித்துவிட்டால், அது 50 மீட்டர் எல்லையைத் தாண்டி வகுப்பறைக்கே நடந்து போய்விடும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓடி முடித்தவன் கையில் அதையே கொடுப்பது கேலிக்கூத்து. கடைசியில் டீ-ஷர்ட்டே வேண்டாம் என்று முடிவானது. பழைய பனியனில் ஓடினாலும் வியர்க்கும்.

படங்களைப் பற்றியும் ஒரு கட்டுப்பாடு. எடை பார்க்கும் மெஷின், தொப்பையைப் பிடித்துக் காட்டும் கை, ‘முன்பு – பின்பு’ என்று இரண்டு உடம்புகள், எதுவும் எந்த நோட்டீஸிலும் வராது. ‘குண்டு’ என்று வகுப்பில் பட்டப்பெயர் வாங்கிய பிள்ளைதான் மைதானத்துக்கு முதலில் வர வேண்டியவன். அந்தப் படத்தைப் பார்த்ததும் அவன்தான் முதலில் ஒதுங்குவான். அதற்குப் பதில் பக்கத்து ஊர் வெற்றியைச் சொல்லலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். பழைய மகாபலிபுரம் சாலை ஓரத்து மறுகுடியமர்வுப் பகுதியைச் செய்தித்தாள்கள் வழக்கமாக வேறு காரணங்களுக்காகத்தான் எழுதும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்திவிடும் வீடுகளுக்கு அந்த ஒரு பெயர் போதும்.

நல்ல விளம்பரத்துக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமானது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ எங்கு பார்த்தாலும் கைகூப்பி நின்றான். தினமும் கடக்கிற பாலமே செய்தி சொன்னது. தாம்பரம் மாநகராட்சியில் எழுபது வார்டுகள். காலையில் தெருவுக்குள் வரும் குப்பை வண்டியில் ஒலிபெருக்கி இருக்கிறது. கோயில், சர்ச், பள்ளிவாசல் பலகைகள் இருக்கின்றன. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுகள் இருக்கின்றன. அனுமதி வாங்கி இவற்றைப் பயன்படுத்துவதே குழுவின் திட்டம்.

ஆனால் எழுதுவதற்கு விஷயம் வேண்டும். எந்த மைதானம், எத்தனை மணி, யார் சொல்லித் தருகிறார்கள், லைட்டும் பெண்களுக்குக் கழிப்பறையும் உண்டா? இந்த நான்குக்கும் பதில் கிடைக்கும்வரை ஒரு துண்டு நோட்டீஸும் அச்சுக்குப் போகாது. பள்ளி முடிந்த பிறகு பூட்டிக் கிடக்கும் மைதானங்களை ஐந்து முதல் ஏழு மணி வரை திறந்துவிடும்படி மாநகராட்சியையும் பள்ளி நிர்வாகங்களையும் குழு கேட்டுக்கொள்கிறது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் வாரம் இரண்டு நாள் வந்தால்கூடப் பயிற்சியாளர் பிரச்சினை பாதி தீரும்.

இன்னும் ஒன்று. 50 மீட்டர் விதியைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளுவண்டிக்காரர்களைத் துரத்த இந்தக் குழு துணைபோகாது. வாசலில் கொய்யாவைக் கீறி மிளகாய்த்தூள் தடவித் தருபவரும், வெள்ளரிப்பிஞ்சும் அரைநெல்லியும் கூறு கட்டி விற்பவரும் எந்த விதியையும் மீறவில்லை. தாங்கமாட்டார்கள் என்று தெரிந்தும் முதலில் அவர்களைத்தான் விரட்டுவது வழக்கம். குழுவின் முதல் செலவுக் கணக்கில் பேனருக்கு வைத்திருந்த தொகை அடிக்கப்பட்டு, பக்கத்தில் இப்படி எழுதப்பட்டிருக்கிறது: வாசல் வண்டிகளுக்கு மூடி போட்ட பாத்திரம், குடிநீர்க் கேன், சுண்டல் வேகவைக்க குக்கர்.