நார்த்தங்காயும் நாலு யென்னும்

எதிர் வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர் போன ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு பிளாப்பியுடன் வந்தார். "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே சார், இதைக் கொஞ்சம் திறந்து கொடுங்கோ." கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று தெருவில் பேர் வாங்கக் கூடாது. வாங்கிவிட்டேன்.

உள்ளே இருப்பது மாமியின் ஊறுகாய்ப் புத்தகம். மாமி சொல்லச் சொல்ல இவர் எழுதி, 1998ல் ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து, 40 பக்கத்தில் சொந்தக்காரர்களுக்காகப் போட்டது. மாமி இப்போது இல்லை. வீட்டிலிருந்த கடைசிப் பிரதியைக் கரையான் ருசி பார்த்துவிட்டது. தை மாசம் பேத்தி கல்யாணம். தாம்பூலப் பையில் தேங்காயோடு இந்தப் புத்தகத்தையும் போட வேண்டுமாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிளாப்பி டிரைவ் என்று கேட்டதும் கடைப்பையன் என்னை அனுதாபத்தோடு பார்த்தான். அவன் அப்பா எடுத்துக் கொடுத்தார். கிர்ர்ர் என்று கொஞ்ச நேரம் முனகிவிட்டு பைல் வந்தது. பேஜ்மேக்கர் 6.5.

பேஜ்மேக்கர், ஆல்டஸ் கம்பெனி 1985ல் கொண்டுவந்த சமாசாரம். (500 வருஷம் முன்னால் வெனிஸில் அச்சகம் வைத்திருந்த ஆல்டஸ் மனுட்டியஸின் பெயர். அவர் போட்ட புத்தகங்களை இன்றைக்கும் பிரித்தால் படிக்கலாம். வெர்ஷன் கேட்பதில்லை.) 1994ல் அடோபி அதை வாங்கியது. 2001ல் வந்த 7.0வோடு கதை முடிந்தது. வாரிசு இன்டிசைன். சிஎஸ்6 வரைக்கும் அது பேஜ்மேக்கர் 6.0க்குப் பிந்தைய பைல்களைத் திறந்தது. 2013ல் மாதச் சந்தாவுக்கு மாறியதும் பாட்டனாரை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. நான் சந்தா கட்டுகிற ஜாதி.

சிஎஸ்6 உள்ள பழைய மெஷினை ஒரு சிநேகிதர் இன்னும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அதில் திறந்தது. நார்த்தங்காய் இருக்க வேண்டிய இடத்தில் நாலு யென், ஒரு டிகிரி, தொப்பி போட்ட பிரெஞ்சு எழுத்துக்கள்! போஸ்ட்மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. யூனிகோடு புழக்கத்துக்கு வருமுன் ஒவ்வொரு தமிழ் பான்ட்டும் இங்கிலீஷ் எழுத்துக்களின் நாற்காலியில் தன் இஷ்டத்துக்கு 'அ', 'ஆ'வை உட்கார வைத்திருந்தது. அந்த பான்ட் இல்லாவிட்டால் பழைய ஆசாமிகள் திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நல்லவேளை, எந்த பான்ட் காணோம் என்பதைப் பேர் சொல்லி அறிவித்தது. டி.டி.பி. சென்டர்காரர் இப்போது மொபைல் கவர் விற்கிறார். பரணில் தேடி சி.டி. எடுத்துக் கொடுத்தார். போட்டதும் உப்பு, மிளகாய், பெருங்காயம் எல்லாம் பளிச்சென்று வந்தன. பேத்திக்கு போனில் படிக்க வேண்டுமாம். அதற்குத் தனியாக யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பழைய பைலில் 'கொ'வின் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் போக வேண்டும். சும்மா மாற்றினால் கொத்தவரங்காய் கோணிக்கொள்ளும். அது அடுத்த ஞாயிறு.

மூன்றாம் பக்கத்தில் மாமி போட்டோ மட்டும் கலங்கலாக இருந்தது. ஒரிஜினல், சென்டரின் ஹார்ட் டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. 1.44 எம்.பி. பிளாப்பியில் இடமில்லை, வெறும் நிழல்தான் பைலோடு வந்திருக்கிறது. வீட்டில் வேறு போட்டோ இருந்தால் கொடுங்கள், மாற்றிவிடலாம் என்றேன்.

போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஸ்கிரீன் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"போட்டோன்னா ஒரு நிமிஷம் ஆடாம நிக்க மாட்டா சார் அவ. இப்படியே இருக்கட்டும்."