வளைகுடாவில் பள்ளிக்கூடம்... ஊர் திரும்பும் நாளையும் யோசிங்க!

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலை வேலையை விட்டு, குடும்பத்தோடு வளைகுடா போறீங்களா? பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க. அங்கே விசா வேலையை நம்பித்தான் இருக்கு. வேலை போனால், படிப்பின் நடுவிலேயே ஊர் திரும்பணும்.

சி.பி.எஸ்.இ பள்ளியில் சேர்த்தால், அதே பாடத்திட்டத்தை இங்கேயும் தொடரலாம். ஆனால், தமிழ்? 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தின்படி இங்கே பத்தாவது வரை தமிழ் படிக்கணும். அங்கே இந்தியோ, பிரெஞ்சோ எடுத்த பிள்ளை எட்டாவதில் வந்து 'அ, ஆ' எழுதினால் திணறும். வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம்.

மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு வேணும்னா, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். ஏழாவதில் திரும்பினால் அதுவும் போச்சு!

அதனால், தமிழ் சொல்லித்தரும் பள்ளியா எனக் கேளுங்க. இல்லையா? வீட்டிலேயே தினமும் அரை மணி நேரம் தமிழ் எழுத வைங்க.